ஷாம்ப்ர் தோத்: பிரெஞ்சுக் கிராமத்து வீட்டு விருந்தறை

பிரான்ஸின் கிராமப்புறங்களில் சுற்றிவிட்டு வந்து எழுதுபவர்களின் குறிப்புகளில் ‘ஷாம்ப்ர் தோத்’ என்ற சொல் அடிக்கடி தலைகாட்டும். தமிழில் அதைப் பெரும்பாலும் ‘விருந்தினர் மாளிகை’ என்று மாற்றிவிடுகிறோம். நம் ஊரில் விருந்தினர் மாளிகை என்றால் அதிகாரிகளும் அமைச்சர்களும் வந்து இறங்கும் கட்டடம், வாசலில் ஒரு காவலாளி, சொல்லிவைத்தால் சமைத்துத் தரும் ஓர் ஆள். கட்டடத்துக்குச் சொந்தக்காரர் என்று யாரும் கண்ணில் பட மாட்டார். ஷாம்ப்ர் தோத்துக்கு உயிரே அந்தச் சொந்தக்காரர்தான்.

பிரெஞ்சுச் சுற்றுலாச் சட்டத் தொகுப்பு இதற்குத் தெளிவான வரையறை வைத்திருக்கிறது. வீட்டில் குடியிருப்பவர், தாம் வாழும் அதே வீட்டில் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் அறை. ஓர் இரவுக்கும் விடலாம், பல இரவுகளுக்கும் விடலாம். 2007இல் வந்த ஆணைப்படி அதிகபட்சம் 5 அறைகள், 15 பேர். காலை உணவும், படுக்கை விரிப்பு, துண்டு போன்ற துணிமணிகளும் வாடகையில் அடக்கம். வந்தவரை வரவேற்க வேண்டியவர் வீட்டுக்காரரே. ஊர் நகராட்சியில் முன்கூட்டியே தெரிவித்திருக்கவும் வேண்டும். வீடு பழைய பண்ணைவீடாக இருக்கலாம், மாவு அரைத்த ஆலையாக இருக்கலாம், சிறு கோட்டையாகக்கூட இருக்கலாம். அதைச் சட்டம் கேட்பதில்லை.

‘ஷாம்ப்ர்’ என்றால் அறை. வளைவுக் கூரையைக் குறித்த ‘கமெரா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதே லத்தீன் சொல் போர்த்துகீசியத்தில் ‘காமரா’ ஆகி, நம் பக்கமும் கரையேறியது. இலங்கை மலையகத்தில் ‘லயக் காம்பரா’ என்கிறார்களே, அந்தக் காம்பரா இதுதான். ஒரே வேர், ஒரு நாட்டில் லவெண்டர் வாசம் வீசும் விடுமுறை அறை, இன்னொரு நாட்டில் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் குடும்பம் முழுவதும் படுத்தெழுந்த ஒற்றை அறை.

‘தோத்’ என்பது ‘உடைய’ என்ற பொருளுள்ள ‘த்’ முன்னொட்டும் ‘ஓத்’ என்ற சொல்லும் சேர்ந்தது. அந்த ‘ஓத்’ என்ற பாதிதான் சுவாரசியம். விருந்து கொடுப்பவரும் ‘ஓத்’, விருந்துக்கு வந்தவரும் ‘ஓத்’. யார் எவர் என்பதைப் பேச்சின் போக்கில்தான் புரிந்துகொள்ள வேண்டும். பெண்பாலில் மட்டும் கொஞ்சம் தெளிவு உண்டு: ‘ஓத்தெஸ்’ என்றால் உபசரிக்கும் வீட்டுக்காரி, விருந்தாளியாக வந்த பெண் ‘ஓத்’தாகவே இருப்பார். இதற்கு மூலமான ‘ஹோஸ்பெஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கும் இதே இரட்டைப் பொருள் உண்டு. ஹோட்டல், ஹாஸ்டல், ஹாஸ்பிடல் மூன்றும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்.

தமிழ் ‘விருந்து’ம் இப்படி இரண்டு வேலை பார்க்கும் சொல்தான், ஆனால் பங்கீடு வேறு. அது விருந்தாளியையும் குறிக்கும், அவருக்குப் போடும் சாப்பாட்டையும் குறிக்கும். ‘செல்விருந்து ஓம்பி வருவிருந்து பார்த்திருப்பான்’ என்ற குறளில் விருந்து என்பது ஆள். இலையில் இருக்கும் வடை பாயசம் இல்லை. அதற்கும் முந்திய பொருள் ‘புதுமை’. தொல்காப்பியம் புதிதாகப் பாடப்படும் செய்யுள் வகைக்கு விருந்து என்று பெயர் தருகிறது. முன்பின் தெரியாமல் புதிதாக வந்தவர் என்ற பொருளில்தான் விருந்தாளி விருந்தானார். அடிக்கடி வந்துபோகும் மாமாவும் சித்தப்பாவும் அந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். ஷாம்ப்ர் தோத்தில் போய் இறங்குபவர் இந்தப் பழைய பொருளுக்கு அப்படியே பொருந்துவார், காசு கொடுக்கிறார் என்பதைத் தவிர.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘விருந்தகம்’ என்றால் உணவகம் என்று நினைத்துக்கொள்வார்கள். ‘விருந்தில்லம்’ என்று சேர்த்தால் விருந்து இல்லையோ என்று காதில் விழும். ‘இல்லத் தங்கல்’ பரவாயில்லை, ஆனால் அது ஹோம்ஸ்டேயின் நிழலாகவே நிற்கிறது. என் தேர்வு ‘வீட்டு விருந்தறை’. வீடு என்பதும் இருக்கிறது, அறை என்பதும் இருக்கிறது, நடுவில் விருந்தும் இருக்கிறது.

இதற்குத் துணையாக வருவது ‘தாபிள் தோத்’, அதாவது வீட்டுக்காரரின் சாப்பாட்டு மேசை. வீட்டு விருந்தறை வைத்திருப்பவர் விரும்பினால் இரவுச் சாப்பாடும் போடலாம். அதற்கும் விதிகள் உண்டு. தங்கியிருப்பவர்களுக்கு மட்டும்தான் போட வேண்டும். அன்றைக்குச் சமைத்தது ஒன்றே, தேர்ந்தெடுக்கப் பட்டியல் கிடையாது. குடும்ப மேசையிலேயே எல்லோரும் உட்கார வேண்டும். இதை மீறித் தனித்தனி மேசை போட்டு வெளியாரையும் அழைத்தால் அது உணவகம், அதற்குச் சட்டமும் வேறு.

இதற்குத் தமிழில் புதுச்சொல் தேடவே வேண்டாம். பந்தி இருக்கிறது. ஒரே நேரத்தில் உட்கார்ந்து, எல்லோருக்கும் ஒரே பதார்த்தம், பக்கத்தில் யார் என்பது நம் கையில் இல்லை. பந்தி ‘பங்க்தி’ என்ற வடசொல்லிலிருந்து வந்ததே என்று தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிக்கலாம். மேசை மட்டும் என்னவாம், அது போர்த்துகீசியம். ‘வீட்டுப் பந்தி’ என்றே எழுதலாம்.

ஆங்கிலத்தில் ‘தாபிள் தோத்’ என்ற சொல் தடம் மாறிப்போனது. அங்கே அது நிலையான விலைக்கு நிலையான பதார்த்தங்கள் என்ற பொருளுக்குச் சுருங்கிவிட்டது. மேசையும் வீட்டுக்காரரும் காணாமல் போனார்கள். பழைய ஐரோப்பியச் சத்திரங்களில் எல்லோரும் உட்கார்ந்தது இந்தப் பொதுமேசையில்தான். 1760களில் பாரிஸில் ‘ரெஸ்தொராங்’ என்ற பெயரில் கடைகள் வரத் தொடங்கின. அந்தச் சொல் முதலில் குறித்தது உடம்பைத் தேற்றும் ஒரு சாற்றை. அப்புறம்தான் அதை விற்ற கடைக்கு ஆகிவந்தது. விரும்பிய நேரத்தில், தனி மேசையில், பட்டியலைப் பார்த்துக் கேட்டுச் சாப்பிடும் வழக்கம் அங்கிருந்து வளர்ந்தது.

இந்தச் சொற்கள் எல்லாம் ஒரே இடத்தில் புழங்குவதைப் பார்க்க வேண்டுமானால் தென் பிரான்ஸின் ஓப்ராக் பீடபூமிக்குப் போக வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல், மரம் அதிகம் இல்லாத மேய்ச்சல் நிலம். ஸ்பெயினின் சந்தியாகோவுக்கு நடந்துபோகும் யாத்திரிகர்களுக்காக 1120 வாக்கில் இங்கே ஒரு மடம் எழுந்தது. மூடுபனியிலும் பனிப்புயலிலும் திசை தெரியாமல் அலைபவர்களை அழைக்க அங்கே மணி அடிப்பார்கள். ‘தொலைந்தோர் மணி’ என்றே அதற்குப் பெயர்.

அந்தப் பக்கத்து வீட்டுப் பந்தியில் பெரும்பாலும் வருவது ‘அலிகோ’. வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கில் வெண்ணெய், க்ரீம், கொஞ்சம் பூண்டு, அப்புறம் அந்த ஊரின் புதுப் பாலாடைக்கட்டி. அடுப்பில் வைத்தே மரக்கரண்டியால் சுழற்றிச் சுழற்றித் தூக்க வேண்டும். பதம் வந்துவிட்டால் கரண்டியை முகத்துக்கு நேரே உயர்த்தினாலும் அறுபடாமல் நாடாபோல இறங்கும். பரிமாறுபவர் கத்தரிக்கோலால் வெட்டிப் போடுவதும் உண்டு. மடத்தில் யாத்திரிகர்களுக்குக் கொடுத்த ரொட்டிக் கூழ்தான் இதன் முன்னோடி என்பார்கள்.

பக்கத்திலேயே லாயோல் என்ற ஊர், மடக்குக் கத்திக்குப் பேர்போனது. மிஷேல் ப்ராஸ் என்ற புகழ்பெற்ற சமையல் கலைஞர் தம் தாயிடம் சமையல் கற்றது இங்கேதான். 1992இல் ஊருக்கு வெளியே ஒரு குன்றின்மேல் உணவகத்தை மாற்றினார். 1999இல், உணவகங்களுக்கு நட்சத்திரம் போட்டு மதிப்பிடும் மிஷ்லின் வழிகாட்டி மூன்று நட்சத்திரம் கொடுத்தது. அவருடைய ‘கர்கூய்யூ’ என்ற தட்டில் காய், கீரை, பூ, விதை என்று பல வகை, ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பக்குவம் செய்யப்பட்டது. மகன் செபாஸ்தியான் 2017இல் ‘எங்களை வழிகாட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள்’ என்று கேட்டுக்கொண்டார். 2018 பதிப்பில் எடுத்தார்கள், 2019இல் இரண்டு நட்சத்திரத்தோடு மறுபடியும் சேர்த்துவிட்டார்கள். மிஷ்லின் டயர் கம்பெனி 1900இல் கார் ஓட்டிகளுக்காகத் தொடங்கிய நூல் அது. மூன்று நட்சத்திரத்துக்கு அது தரும் பொருளே, ‘இதற்கென்றே ஒரு பயணம் போகலாம்’ என்பது. இப்படிப்பட்ட உணவகங்கள் குக்கிராமங்களில் பிழைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த வகை உணவகத்தைப் பிரெஞ்சில் ‘கஸ்த்ரொனொமீக்’ என்கிறார்கள், ஆங்கிலத்தில் ஃபைன் டைனிங். தமிழில் ‘உயர்தர உணவகம்’ என்று எழுதினால் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் ‘உயர்தர சைவ உணவகம்’ பலகைதான் கண்முன் வரும். ‘அடிசில்’ என்ற அழகான பழஞ்சொல் இருக்கிறது, அதை வைத்து யாராவது ஒன்று சமைக்கலாம். அதுவரை ஃபைன் டைனிங் என்றே எழுதிவிட்டுப் போவதில் எனக்குக் கூச்சமில்லை.

கடைசியாக, ஷாம்ப்ர் தோத்தோடு குழப்பிக்கொள்ளும் சொல் ‘ழீத்’. (பிரெஞ்சு ஒலி ஒன்றுக்கு நம் மொழிபெயர்ப்பாளர்கள் ழகரத்தைக் கடன் கொடுத்திருக்கிறார்கள், ழான், ழாக் எல்லாம் அப்படி வந்தவை.) ‘படுத்திருத்தல்’ என்ற வினையிலிருந்து பிறந்த சொல் இது. முயல் படுக்கும் இடமும் ழீத்தான். கல்லறையில் ‘இங்கே துயில்கிறார்’ என்று பொறிப்பதும் அதே வினையால்தான். மக்கள் படுக்கை, விலங்கின் படுக்கை, பறவைக் கூடு எல்லாவற்றுக்கும் பொதுவான ‘சேக்கை’ தமிழில் உண்டு, ஆனால் இன்று சொன்னால் யாருக்கும் புரியாது. ‘வாடகைக் குடில்’ போதும். விருந்தறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு வயிற்றில் தெரியும்: வாடகைக் குடிலில் அடுப்பு இருக்கும், சமைப்பவர் நீங்கள்தான். ஞாயிறு மாலை போய்ச் சேருவதாக இருந்தால் வழியில் பெரிய ஊரிலேயே ரொட்டியும் முட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். கிராமத்துக் கடை அநேகமாகப் பூட்டியிருக்கும்.