நுண்ணாய்வு: 'ஸ்க்ரூட்டினி'க்கு ஏற்ற தமிழ்ச் சொல்

பராமரிப்பு இல்லங்களில் வாழும் பிள்ளைகளைக் காக்கும் சட்டங்கள் பற்றிய அறிக்கைகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவோர் கொழும்பில் அடிக்கடி இடறி நிற்கும் சொல், துருவிப் பார்த்தல் என்று பொருள்படும் 'ஸ்க்ரூட்டினி' (scrutiny). பாராளுமன்றத்தோடு சேர்ந்து அது வரும்போது ஒருவர் 'பரிசீலனை' என்று எழுதுகிறார், மற்றொருவர் 'மேற்பார்வை' என்கிறார், இன்னொருவர் 'கண்காணிப்பு' என்று முடித்துவிடுகிறார். மூன்றும் நல்ல சொற்கள்தாம். ஆனால் மூன்றும் வெவ்வேறு வேலைகளைக் குறிப்பவை என்பதால், ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்கும்போது பாராளுமன்றம் செய்ய வேண்டிய வேலை எது என்பதே வாசகருக்குத் தெரியாமல் போகிறது.

சொல்லின் வேர் இலத்தீன். கந்தல் துணி, உதவாப் பொருள் என்ற பொருளுடைய 'ஸ்க்ரூட்டா' என்பதிலிருந்து, துருவித் தேடுதல் என்னும் பொருளில் 'ஸ்க்ரூட்டாரி' என்ற வினை பிறந்தது. கந்தல் மூட்டையைப் பிரித்து ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்ப்பதே பழைய பொருள் என்று சொற்பிறப்பு நூலார் கொள்வர். ஆங்கிலத்துக்கு 15ஆம் நூற்றாண்டில் வந்தபோது அது வாக்கெடுப்போடு ஒட்டி வந்தது. பிரெஞ்சு மொழியில் 'ஸ்க்ரூத்தேன்' என்றால் இன்றும் வாக்கெடுப்புதான். ஒரு கூற்றை அப்படியே ஏற்காமல் துருவிப் பார்த்தல் என்ற பொதுப்பொருள் பின்னர் நிலைத்தது.

பரிசீலனை வடமொழிச் சொல். இடைவிடாது பழகுதல், ஒன்றில் ஆழ்ந்து ஈடுபடுதல் என்பது அதன் மூலப்பொருள். தமிழ்நாட்டில் 'வேட்புமனு பரிசீலனை' என்னும் தொடரில் அது ஸ்க்ரூட்டினிக்கு ஏறத்தாழ நேராகவே நிற்கிறது. இலங்கை அலுவலக வழக்கில் அதன் கதி வேறு. 'தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்ற பதில் கடிதத்தைக் கையில் வைத்திருப்பவர் எவரும் தம் கோப்பு துருவப்படுகிறது என்று நம்புவதில்லை. அது எங்கோ ஓர் அலமாரியில் இருக்கிறது என்றே விளங்கிக்கொள்வார். மேலும், பரிசீலிப்பவர் கொடுக்கும் இடத்திலும் பரிசீலனைக்குக் காத்திருப்பவர் வாங்கும் இடத்திலும் இருக்கின்றனர். சட்டத்தைத் துருவும் பாராளுமன்றமோ எவருக்கும் சலுகை வழங்குவதில்லை.

மேற்பார்வை நம் பாராளுமன்றத்தில் நிலைபெற்ற சொல். 'துறைசார் மேற்பார்வைக் குழு' என்ற பெயரிலேயே அது இருக்கிறது. திணைக்களங்கள் தம் கடமையைச் செய்கின்றனவா என்று மேலிருந்து பார்ப்பது மேற்பார்வை. ஒரு சட்டமூலத்தின் வாசகத்தை வரிவரியாகப் பிரித்து, இந்தச் சொல் ஏன், இந்த விலக்கு யாருக்காக என்று கேட்பது வேறு. அதே குழுக்களிடம் சட்டமூலங்களும் அனுப்பப்படுவதால் இரண்டு வேலையும் ஒரே பெயருக்குள் அடங்கிவிட்டன.

தமிழ் வேர் ஒன்றைத் தேடுவோருக்கு 'ஆய்' என்ற வினை முன்னால் வந்து நிற்கும். கீரை ஆய்கிறோம், பழுத்த இலையையும் புழு தின்ற இலையையும் ஒதுக்கி, தண்டைக் கிள்ளி, நல்லதை எடுக்கிறோம். பழைய வழக்கில் பூப்பறிப்பதும் ஆய்தலே. இலத்தீன்காரர் கந்தலில் தொடங்கிய இடத்துக்கே தமிழ் இலையிலிருந்து வந்து சேர்ந்திருக்கிறது என்பது எனக்கு வியப்பான பொருத்தம். தொல்காப்பிய உரியியல் 'ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய் ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்' என்கிறது. ஒரு பொருள் நுணுகுவதைச் சொல்லும் சொற்களுள் ஆய்தலும் ஒன்று என்பது அதன் கருத்து. ஆய்த எழுத்தின் பெயரையும் இந்த நுணுக்கத்தோடு இணைப்பவர் உண்டு.

அப்படியானால் 'ஆய்வு' மட்டுமே போதுமே, 'நுண்' எதற்கு என்று ஓர் இலக்கணப் புலவர் கேட்கலாம், கேள்வி நியாயமானது. ஆனால் இன்று ஆய்வு என்றால் பல்கலைக்கழக ஆராய்ச்சி, களஆய்வு, அமைச்சரின் ஆய்வுப் பயணம் எல்லாம் நினைவுக்கு வருகின்றன. தேய்ந்துபோன சொல்லுக்கு முனை கூட்ட ஓர் அடை வேண்டியிருக்கிறது. 'கூர்ந்தாய்வு' என்பதும் சில கலைச்சொல் பட்டியல்களில் உண்டு, பிழையில்லை. நான் 'நுண்ணாய்வு' என்பதையே விரும்புகிறேன். சட்டமூல நுண்ணாய்வு, முன் நுண்ணாய்வு (சட்டம் நிறைவேறுமுன்), பின் நுண்ணாய்வு (நடைமுறைக்கு வந்தபின்) என்று தொடர்களில் அது இடைஞ்சலின்றி இணைகிறது.

நுண்ணாய்வு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு 2020ஆம் ஆண்டின் இங்கிலாந்து அனுபவம் தெளிவான எடுத்துக்காட்டு. கொரோனாத் தொற்றைக் காரணம் காட்டி, அரசின் பராமரிப்பில் இருந்த பிள்ளைகளுக்கான ஒழுங்குவிதிகளை அங்குள்ள கல்வி அமைச்சு தளர்த்தியது. பாராளுமன்றத்தில் வைக்கப்படும் நாளுக்கும் நடைமுறைக்கு வரும் நாளுக்கும் இடையே 21 நாட்களாவது விடுவது அங்கு வழக்கமாயிருக்க, இந்தத் திருத்தங்கள் ஏப்ரல் 23ஆம் திகதி வைக்கப்பட்டு, மறுநாளே நடைமுறைக்கு வந்தன. குறித்த கால இடைவெளியில் சமூக சேவையாளர் பிள்ளையைச் சந்திக்க வேண்டும், ஆறு மாதத்துக்கொருமுறை பிள்ளையின் நிலை மீளாய்வு செய்யப்பட வேண்டும் என்பன போன்ற கடப்பாடுகள், 'நியாயமாக இயலுமாயின்' என்ற சொற்கள் நுழைந்ததும் நெகிழ்ந்துபோயின. ஏறத்தாழ 65 பாதுகாப்புகள் நீக்கப்பட்டன அல்லது நலிந்தன என்று 'உறுப்புரை 39' என்ற சிறுவர் உரிமை அமைப்பு கணக்கிட்டு, வழக்குத் தொடுத்தது. ஜூன் மாதத்தில் பாராளுமன்றத்தின் கீழவையான மக்கள் சபையில் கொண்டுவரப்பட்ட எதிர்ப்புத் தீர்மானம் தோற்றது. நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அமைப்பின் பக்கம் நின்று, சிறுவர் ஆணையாளரையும் பராமரிப்பிலுள்ள பிள்ளைகளின் உரிமைகளுக்காகப் பேசும் அமைப்புகளையும் கலந்தாலோசிக்காமல் செயற்பட்டது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. அதற்குள் அந்தத் தற்காலிகத் தளர்வுகளிற் பெரும்பாலானவை செப்டம்பரிலேயே காலாவதியாகியிருந்தன. உள்ளூராட்சி அமைப்புகளிடமும் சேவை வழங்குவோரிடமும் அமைச்சு பேசியிருந்தது. பிள்ளைகளின் பக்கத்திலிருந்து பேசக்கூடியவர்களை மட்டும் கேட்கவில்லை.

இலங்கையில் இந்தச் சொல்லுக்கு இன்னும் கூடிய பாரம் உண்டு. சட்டமூலம் நிறைவேறியது என்று சபாநாயகர் சான்றுரை எழுதிய பின்னர் ஒரு சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்த முடியாது என்று அரசியலமைப்பின் 80(3)ஆம் உறுப்புரை கூறுகிறது. ஆகவே வர்த்தமானியில் சட்டமூலம் வெளிவருவதற்கும் அது நிறைவேறுவதற்கும் இடைப்பட்ட காலமே, உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யும் குறுகிய அவகாசமும் சேர, துருவிப் பார்க்கக் கிடைக்கும் காலம். அவையில் சட்டமூலத்தின் 'இரண்டாம் மதிப்பீடு' என்று பதிவாகும் விவாதம் பெரும்பாலும் கொள்கையைப் பற்றியது. வாசகத்தைத் தொடுவது குழுநிலையில், அதாவது சட்டமூலத்தைப் பிரிவு பிரிவாக எடுத்துப் பார்க்கும் கட்டத்தில். அந்தக் குழுநிலை சில நிமிடங்களில் முடிந்துவிட்டால், நுண்ணாய்வு நடந்தது என்று எழுதுவது சொல்லுக்குச் செய்யும் அநியாயம்.

நம் சிறுவர் சட்டங்களின் அடித்தளம் 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம். சுதந்திரத்துக்கு முந்தைய சட்டமன்றமான அரசாங்க சபையின் காலத்தது அது. 'பராமரிப்போ பாதுகாப்போ தேவைப்படும்' பிள்ளை யார் என்பதை வரையறுத்து, அப்பிள்ளையை ஒரு தகுந்த ஆளின் பொறுப்பில் விட நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்தது. அதே சட்டத்தின் 71(6)ஆம் பிரிவு, பெற்றோர், ஆசிரியர் அல்லது சட்டபூர்வமான பொறுப்புடைய வேறு எவரும் பிள்ளைக்குத் தண்டனை கொடுக்கும் உரிமையை, பிள்ளைகளைக் கொடுமைப்படுத்தலாகாது என்ற தடை பாதிக்காது என்று சேர்த்துக்கொண்டது. 'வேறு எவரும்' என்பதற்குள் இல்லப் பொறுப்பாளரும் அடங்கினார். எழுதப்பட்டபோது 14 வயதுக்குட்பட்டவரே அச்சட்டத்தில் பிள்ளை. அதைத் தாண்டி 16 வயதுக்குட்பட்டவர் 'இளம் ஆள்'. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையை நிறுவிய 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டமோ 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் பிள்ளை என்றது. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி ஒரு சட்டத்தில் பிள்ளையாகவும் மற்றதில் பிள்ளையல்லாதவளாகவும் இருந்த இந்த முரணைக் கண்டெடுப்பது பின் நுண்ணாய்வின் வேலை, அதாவது சட்டம் நடைமுறைக்கு வந்தபின் அதன் பலனை அளந்து பார்ப்பது.

1987ஆம் ஆண்டில் அரசியலமைப்புக்குச் செய்யப்பட்ட 13ஆம் திருத்தத்தால் நன்னடத்தைச் சேவையும் (புரொபேஷன்) சிறுவர் பராமரிப்பும் மாகாணப் பொறுப்பாகின. 2019ஆம் ஆண்டு முடிவதற்குள் ஒன்பது மாகாண சபைகளின் காலமும் முடிந்து, அதன்பின் பல ஆண்டுகள் தேர்தல் நடைபெறாமல் ஆளுநரின் கீழ் நிருவாகம் நடந்ததால், அந்த மட்டத்தில் துருவிப் பார்க்கத் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்களே இருக்கவில்லை.

எழுதுவோருக்கு ஒரு வழக்குக் குறிப்பு. 'நுண்ணாய்வு செய்யப்பட்டது' என்ற செயப்பாட்டு வினை கூடியவரை வேண்டாம். அது ஆய்ந்தவரை மறைத்துவிடுகிறது. 'குழு சட்டமூலத்தை நுணுகி ஆய்ந்தது', 'நன்னடத்தை உத்தியோகத்தர்களை அழைத்துக் கேட்காமல் அவை அதனை நிறைவேற்றியது' என்று எழுவாயோடு எழுதலாம்.