கணினியில் இருக்கிறது, அலமாரியில் இல்லை

1974 ஜூன் 26. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டிராய் என்ற சிற்றூர். அங்கிருந்த மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சூயிங்கம் கட்டு ஸ்கேனரைக் கடந்தது. விலை 67 சென்ட். இன்று பொருள்களில் நாம் பார்க்கும் யு.பி.சி. வகைப் பார்கோடு வைத்து நடந்த முதல் விற்பனை அதுதான்.

பில் சீக்கிரம் போடலாம் என்பதைவிடப் பெரிய லாபம் ஒன்று அதில் இருந்தது. எந்தப் பொருள் எத்தனை போனது என்பது உடனுக்குடன் தெரிந்துவிடும். வால்மார்ட் இதை விடாமல் பிடித்துக்கொண்டது. 1987-லேயே தன் கடைகளைச் செயற்கைக்கோள் வழியாகப் பென்டன்வில் தலைமையகத்தோடு இணைத்தது. 1991-இல் வந்த ரீடெயில் லிங்க் என்ற மென்பொருள் மூலம், சரக்கு அனுப்பும் நிறுவனங்களும் தங்கள் பொருளின் விற்பனையைப் பார்க்க முடிந்தது.

எப்போது ஆர்டர் போடுவது? கணக்கு எளியதுதான். வெனிலா யோகர்ட் நாளொன்றுக்கு 4 கப் விற்கிறது, லாரி வர 3 நாள் ஆகும் என்றால் 12 கப் வேண்டும். விற்பனை ஒரே சீராகவா இருக்கும்? அதனால் கைக்காவலுக்கு இன்னும் 6. ஆக, இருப்பு 18-க்கு இறங்கியதும் ஆர்டர் தானாகப் போகும். விற்பனை எவ்வளவு ஏறி இறங்குகிறதோ அவ்வளவுக்கு அந்த 6 கூடும், குறையும்.

ஆனால் கணினி எண்ணிப் பார்ப்பதில்லை, கழித்துக்கொண்டு மட்டும் இருக்கிறது. சிக்கலே அங்கேதான்.

ஒருவர் இரண்டு ஸ்ட்ராபெரி, இரண்டு வெனிலா கப் எடுத்து வருகிறார். விலை ஒன்றுதானே என்று காசாளர் ஸ்ட்ராபெரியையே நான்கு முறை ஸ்கேன் செய்துவிடுகிறார். பில் சரி; இருப்புதான் தப்பு. போன வெனிலா இரண்டும் கணக்கில் கழியவில்லை. இப்படிப் பத்துப் பேருக்கு நடந்தால், அலமாரி காலியான பிறகும் கணினி 20 கப் இருப்பதாகவே நம்பும். 20 என்பது 18-ஐவிட அதிகம். ஆர்டர் போகவே போகாது. இல்லாததை யார் வாங்குவது? விற்பனை பூஜ்யம். ‘வெனிலாவை யாரும் கேட்பதில்லை போலிருக்கிறது’ என்று அடுத்த மாத மதிப்பீட்டையும் அது குறைக்கும்!

இந்த ‘பேய் இருப்பை’ப் பிடிக்கவும் ஒரு வழி உண்டு. தினமும் விற்ற பொருள் சில நாள் அசையவே இல்லை, இருப்போ நிறையக் காட்டுகிறது என்றால், நேரில் போய்ப் பார்க்கச் சொல்லிக் கணினியே ஊழியருக்குப் பட்டியல் தரும். அவர் போய்ப் பார்த்தால், அங்கே விலைச்சீட்டு மட்டும் இருக்கும்.