கட்டைக்கு இடம் வேண்டாம், இலக்கத்துக்கு வேண்டும்

ஒரு குழந்தையிடம் 16 பொத்தான்களைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும் தாளில் 16 என்று எழுதச் சொல்லி, அதில் உள்ள 6-ஐ விரலால் காட்டி, "இது எந்தப் பொத்தான்கள்?" என்று கேளுங்கள். ஆறு பொத்தான்களை ஒதுக்கிக் காட்டும். அடுத்து 1-ஐக் காட்டிக் கேட்டால், ஒரே ஒரு பொத்தானை எடுத்து நீட்டும் குழந்தைகள் நிறைய. மீதி ஒன்பது பொத்தான்கள் மேசையில் கேட்பாரற்றுக் கிடக்கும்; அது குழந்தைக்கு உறுத்தவே உறுத்தாது. கான்ஸ்டன்ஸ் காமீ என்ற கல்வி ஆய்வாளர் பயன்படுத்திப் பரவலான சோதனை இது. இதே குழந்தையிடம் "16-ல் பத்துகள் இடத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்டால் "ஒன்று" என்று சரியாகவே சொல்லிவிடும். அதனால்தான் இடமதிப்பில், அதாவது இலக்கம் நிற்கும் இடமே அதன் மதிப்பைத் தீர்மானிக்கிறது என்ற புரிதலில், உள்ள இந்த ஓட்டை வழக்கமான தேர்வுக் கேள்விகளில் வெளியே தெரிவதில்லை.

இதை அடைக்கத்தான் எண்ணும் கட்டைகள். பக்கம் 1 செ.மீ. உள்ள சிறு கட்டையின் மதிப்பு ஒன்று. அதில் பத்தை ஒட்டியது போன்ற 10 செ.மீ. கோல் பத்து, பத்துக் கோல்களை அடுக்கியது போன்ற சதுரப் பலகை நூறு, பத்துப் பலகைகளின் உயரமுள்ள பெரிய கட்டை ஆயிரம். மரியா மாண்டிசோரி இதையே பொன்னிற மணிகளால் செய்தார். கட்டை வடிவத்தைப் பரப்பியவர் ஹங்கேரியில் பிறந்த கணிதவியலாளர் சோல்தான் டீன்ஸ் (1916–2014). அவருடைய பெட்டிகளில் பத்தடிமானம் (பத்து சேர்ந்ததும் அடுத்த பெரிய கட்டைக்கு மாறுவது) மட்டுமல்ல, மூன்று, நான்கு, ஐந்து அடிமானக் கட்டைகளும் இருந்தன. பத்து என்பது நாம் தேர்ந்துகொண்ட ஓர் எண்தான், "நிறைந்தால் மாற்று" என்பதே அடிப்படை விதி என்று காட்டுவது அவர் நோக்கம்.

கட்டைகளைக் கையில் கொடுத்துவிட்டால் இடமதிப்பு தானாகப் புரிந்துவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. கட்டைகளில் இடமதிப்பே கிடையாது. இரண்டு பலகை, மூன்று சிறு கட்டை: எப்படிக் கலைத்துப் போட்டாலும் 203-தான். பத்துகள் இல்லை என்று சொல்ல எதையும் வைக்க வேண்டியதில்லை. பழைய தமிழ் எண்முறை இப்படித்தான் இயங்கியது. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள் இருந்ததால் 203-ஐ ௨௱௩ என்று எழுதினார்கள், சுழியம் தேவைப்படவில்லை. இன்றைய முறையில் அந்தக் குறிகள் போய்விட்டன, அவற்றின் வேலையை இடம் செய்கிறது. கட்டையில் அளவு கண்ணுக்குத் தெரிகிறது, இலக்கத்தில் அது இடத்துக்குள் ஒளிந்திருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றதற்குக் குழந்தையை அழைத்துப்போவதுதான் பாடம்.

தொடக்கம் கட்டையில் வேண்டாம், குச்சியில் இருக்கட்டும். நாற்பது ஐம்பது குச்சிகளும் ரப்பர் வளையங்களும் போதும். குழந்தையே பத்துப் பத்தாக எண்ணிக் கட்டு போடட்டும். தான் போட்ட கட்டுக்குள் பத்து இருப்பது அதற்குத் தெரியும். வளையத்தைக் கழற்றினால் பத்தும் திரும்பக் கிடைக்கும். கடையில் வாங்கும் கோல் பிரியாது. அதைப் பத்துச் சிறு கட்டைகளுக்கு மாற்றத்தான் முடியும். இந்த வேறுபாடு பெரியவர்களுக்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் கட்டு போட்டுப் பழகாத குழந்தை மூன்று கோல், நான்கு சிறு கட்டையைப் பார்த்து "ஏழு" என்று எண்ணுவது இதனால்தான். அதற்குக் கோல் ஒரு நீளமான பொருள், அவ்வளவே.

கோலுக்கு வரும்போது முதல் வேலை, அதன் பக்கத்தில் பத்துச் சிறு கட்டைகளை அடுக்கிப் பார்ப்பது. பிறகு மாற்று விளையாட்டு. இரண்டு பகடைகளை உருட்டி, விழுந்த எண்ணிக்கைக்குச் சிறு கட்டைகளைப் பொதுப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும்; பத்து சேர்ந்ததும் கோலாக மாற்ற வேண்டும்; முதலில் பலகை பெறுபவர் வென்றார். ஓர் உருட்டலுக்குச் சராசரியாக 7 என்பதால் ஏறக்குறைய 15 உருட்டலில் ஆட்டம் முடியும். இதைவிட முக்கியமானது தலைகீழ் ஆட்டம்: கையில் ஒரு பலகையோடு தொடங்கி, விழுந்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்துச் சுழியத்துக்கு வருவது. முதல் உருட்டலிலேயே குழந்தை திகைக்கும். பலகையிலிருந்து 8-ஐ எப்படிக் கொடுப்பது? பலகையைப் பத்துக் கோலாக்கி, ஒரு கோலைப் பத்துச் சிறு கட்டையாக்கினால்தான் முடியும். பின்னால் கழித்தலில் வரப்போகும் சிக்கல் முழுவதும் இந்தத் திகைப்பில் இருக்கிறது. பலரும் நேர் ஆட்டத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

அடுத்து நூறு, பத்து, ஒன்று என மூன்று பத்தி வரைந்த தாள். இரண்டு குழந்தைகள் எதிரெதிரே உட்கார்ந்தால் ஒருவருக்கு ஒன்றுகள் இடப்பக்கம் வந்துவிடும், ஆகவே இருவரும் ஒரே பக்கம் உட்கார வேண்டும். தேவையான எண்ணிக்கையைக் கணக்கிட்டே சொல்லலாம். கூட்டலில் ஒன்றுகள் பத்தியில் அதிகம் சேரக்கூடியது 9+9=18; பத்துகளில் மாறி வரும் ஒன்றையும் சேர்த்து 19. ஆகவே ஒரு தாளுக்கு ஒன்றுகள் 20, பத்துகள் 20, பலகைகள் 10, மாற்றிக்கொள்ளப் பொதுப் பெட்டியில் கொஞ்சம் கூடுதல். எல்லாம் ஒரே நிறத்தில் இருப்பது நல்லது. கோல் பச்சை, பலகை நீலம் என்றிருந்தால் குழந்தை அளவைப் பார்க்காமல் நிறத்தை மனப்பாடம் செய்துவிடும். வாங்க வழியில்லை என்றால் 1 செ.மீ. கட்டத்தாளை அட்டையில் ஒட்டி வெட்டினாலும் ஆயிரம் தவிர மற்றதெல்லாம் கிடைத்துவிடும்.

52−27 என்ற கணக்கைக் கட்டையில் செய்யும்போது நடக்கும் பெரிய பிழை, இரண்டு எண்களையும் தாளில் வைப்பது. 52 மட்டும் இருக்க வேண்டும். 27 என்பது அதிலிருந்து எடுக்கப்போவது. ஐந்து கோல், இரண்டு சிறு கட்டை. ஏழை எடுக்க முடியாது. (தாளில் மட்டும் கணக்குச் செய்யும் குழந்தை இங்கே சத்தமில்லாமல் 7−2=5 என்று திருப்பிப்போட்டு 35 என விடை எழுதும். கட்டைகள் அந்தத் தில்லுமுல்லுக்கு இடம் கொடுக்காது.) ஒரு கோலை மாற்றினால் நான்கு கோல், பன்னிரண்டு சிறு கட்டை. இங்கே நிறுத்தி, "இப்போது மொத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள். "52-தான்" என்று உடனே வந்தால் இனமாற்றம், அதாவது ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாக மாற்றுவது, புரிந்தது என்று பொருள். எண்ணிப் பார்த்துச் சொன்னால் இன்னும் பயிற்சி வேண்டும். "412" என்றால் திரும்பப் பகடைக்கே போக வேண்டியதுதான். "கடன் வாங்குதல்" என்ற சொல்லை நாங்கள் தவிர்ப்போம். திருப்பிக் கொடுக்காத கடன் என்ன கடன்? ஒரு கோலைச் சில்லறையாக மாற்றுகிறோம், மொத்தம் மாறுவதில்லை.

300−146 இன்னும் சுவையானது. எழுத்தில் செய்யும்போது நடுவில் திடீரென்று ஒரு 9 முளைக்கும். அது எங்கிருந்து வந்தது என்று பல பெரியவர்களாலேயே சொல்ல முடியாது. மூன்று பலகைகளில் ஒன்றைப் பத்துக் கோலாக்கி, அவற்றில் ஒன்றைப் பத்துச் சிறு கட்டையாக்கினால் தாளில் 2, 9, 10 இருக்கும். பத்துக் கோலில் ஒன்று போனால் ஒன்பது, அவ்வளவுதான் மர்மம். எடுத்தபின் மிஞ்சுவது 154. ஒவ்வோர் அசைவையும் நடந்த கணத்திலேயே எழுத வேண்டும். கட்டையில் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் எழுதினால் அது வெறும் விடையைப் படியெடுப்பது. கட்டைக்கும் எழுத்துக்கும் தொடர்பே ஏற்படாது.

எண்பெயர்களையும் கவனிக்க வேண்டும். நூற்று நாற்பத்தாறு என்று சொன்னால் 100406 என்று எழுதும் குழந்தை, காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறது. இதற்கு ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் எண் அட்டைகள் உதவும்: 3 செ.மீ. அகலத்தில் 6, 6 செ.மீ. அகலத்தில் 40, 9 செ.மீ. அகலத்தில் 100. வலது ஓரம் ஒட்டியிருக்குமாறு அடுக்கினால் 146 தெரியும். பிரித்தால் மறைந்திருந்த சுழியங்கள் வெளியே வரும். தமிழ்ப் பெயர்கள் பெரும்பாலும் துணைதான், இருபத்து மூன்று என்று எழுதும் வரிசையிலேயே சொல்கிறோம். தொண்ணூறும் தொள்ளாயிரமும் மட்டும் காலை வாரும். தொண்ணூற்று ஐந்து என்றதும் "நூறு" காதில் விழுந்து பலகையைத் தேடும் குழந்தை உண்டு. முதலில் ஒன்பது கோலை வைத்து "ஒன்பது பத்து" என்று சொல்லவிட்டு, அதன் பெயர் தொண்ணூறு என்று பிறகு சொல்லலாம்.

கட்டையில் தடுமாற்றம் நின்றபின் ஒரே மாதிரியான வில்லைகளுக்கோ மணிச்சட்டத்துக்கோ மாற வேண்டும். அங்கே எல்லா மணியும் ஒரே அளவு. எந்தக் கம்பியில் இருக்கிறது என்பதே மதிப்பு. இடமதிப்பு முதன்முதலாகத் தலைகாட்டுவது உண்மையில் இங்கேதான். வெறுமையாக நிற்கும் நடுக்கம்பியைப் பார்த்து 203-ன் சுழியம் எதற்கு என்பதும் விளங்கும். இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தாம் "கட்டையில் செய்கிறான், நோட்டில் தவறவிடுகிறான்" என்று புலம்புவார்கள்.

கட்டைகளைத் தூக்கிப் பரணில் போட்டுவிட வேண்டாம், தசம எண்களுக்கு அவை திரும்ப வரும். இப்போது பலகையே 1, கோல் 0.1, சிறு கட்டை 0.01. இரண்டு ஆண்டுகளாகச் சிறு கட்டையை "ஒன்று" என்றே அழைத்த குழந்தை முதலில் சண்டை போடும், அது நியாயமும்கூட. முதல் நாள் பலகையின்மேல் "1" என்று எழுதிய சீட்டை ஒட்டிவிடுங்கள். பிறகு 0.3 பெரியதா, 0.25 பெரியதா என்று கேளுங்கள். 25 பெரிது என்று தாளில் அடம்பிடிப்பவர்கூட, மூன்று கோலையும், இரண்டு கோலோடு ஐந்து சிறு கட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் கையை மாற்றிக் காட்டுவார்.