அலையில் வயிறடிக்காத படகு

கிணற்றில் குதிக்கும்போது ஒருமுறையாவது வயிறடித்து விழுந்தவர்களுக்குத் தண்ணீர் எவ்வளவு கெட்டியானது என்று தெரியும். அதே ஆள் கைகளைக் கூப்பித் தலைகீழாகப் பாய்ந்தால் சளக்கென்று உள்ளே போய்விடுவார். வேகப்படகின் அடிப்பாகத்தை வரைபவருக்கு இருக்கும் தலைவலியும் இதுதான்.

மெதுவாகப் போகும் படகு தண்ணீரை விலக்கிக்கொண்டு போகிறது. வேகம் கூடினால், தானே எழுப்பிய அலை மேட்டில் ஏற முடியாமல் திணறும். அந்த மேட்டைத் தாண்டிவிட்டால் அப்புறம் கதையே வேறு. குளத்தில் வீசிய ஓட்டாஞ்சில்லைப் போல, தண்ணீரைக் கீழே தள்ளித் தான் மேலெழும்பி வழுக்கிக்கொண்டு ஓடும். இப்படி எழும்பத் தட்டையான அடிதான் தோது. ஆனால் கடலில் அலை இருக்கிறதே! ஒவ்வொரு அலையிலும் வயிறடித்தால் ஓட்டுபவரின் முதுகெலும்பு என்னாவது?

அதனால் அணியத்தை, அதாவது படகின் முன்பகுதியை, கூராக வைத்து, பின்னால் போகப் போகத் தட்டையாக்குவது வழக்கமாக இருந்தது. அமெரிக்க வடிவமைப்பாளர் ரே ஹன்ட் அந்தக் கூர்மையைக் குறைக்காமல் கடைசி வரை கொண்டுபோனார். பின்பக்கத்திலும் அடி இரு புறமும் 20 டிகிரிக்கு மேல் சரிந்திருக்கும். 1958இல் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் அப்படியொரு படகு கொந்தளிப்பில் அலட்டிக்கொள்ளாமல் ஓடுவதைப் படகுப் பந்தயக்காரர் டிக் பெர்ட்ராம் பார்த்தார். தனக்கும் ஒன்று கட்டச் சொல்லி, மனைவியின் செல்லப்பெயரான 'மோப்பி'யையே அதற்கு வைத்தார். 1960இல் மயாமியிலிருந்து பஹாமாஸின் நசாவ் வரை நடந்த படகுப் பந்தயத்தில் கடல் மோசமாக இருந்தது. மோப்பி சுமார் 8 மணி நேரத்தில் கரை சேர்ந்தது. இரண்டாவதாக வந்த படகுக்கு மேலும் 2 மணி நேரம் ஆனது. அதுவும் ஹன்ட் வரைந்ததுதான்!

சரி, கூர் அடிக்கு விலை இல்லையா? உண்டு. சரிவில் பட்ட தண்ணீர் பக்கவாட்டில் நழுவிவிடுவதால் தூக்கும் விசை குறைகிறது. அதை ஈடுகட்ட அடியில் நீளவாக்கில் மெல்லிய பட்டைகள் ஓடும். சரிவில் ஏறி வரும் தண்ணீரை அவை தடுத்துக் கீழ்நோக்கித் திருப்பும்; அந்த உதை படகைத் தூக்கும். வேகம் கூடக் கூடப் படகு உயர்ந்து, வெளிப்பட்டைகள் தண்ணீரைவிட்டு விலகும். நனையும் அகலம் குறையும், உராய்வும் குறையும்.

எனக்கு இன்னும் பிடித்தது, அடியின் குறுக்கே மாடிப்படி போல வெட்டும் ஒரு படி. கடல்விமானங்களின் மிதவைகளில் முன்பே இருந்த யோசனை இது. படியின் விளிம்பில் தண்ணீர் அடியைவிட்டுப் பிரியும். பக்கங்களிலிருந்து காற்று அந்த இடைவெளியில் புகும். தூக்கும் விசையில் பெரும்பங்கு, நனைந்த பரப்பின் முன்விளிம்பை ஒட்டியே பிறக்கிறது. அதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் உராய்வு. ஆகவே நீளமான ஒரே பரப்பைவிட, படியால் பிரிந்த குட்டையான இரண்டு பரப்புகள் லாபம். ஆனால் பழக்கமில்லாதவர் வேகத்தில் சட்டென்று திருப்பினால், பின்பக்கம் பிடிமானம் இழந்து படகு சுழன்றுவிடலாம்.

மயாமியில் டான் அரோனோவ் தொடங்கிய 'சிகரெட்' என்ற வேகப்படகுகளின் நீண்ட மூக்கை வெறும் அலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு அலையிலிருந்து அடுத்ததற்குப் பாயும்போது அணியம் குத்தி மூழ்காமலிருக்க அந்த நீளம் உதவுகிறது. குலுக்கல் முன்னால்தான் அதிகம். இருக்கைகள் பின்னால் தள்ளி இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பளபளக்கும் வண்ணப்பட்டைகள் மட்டும் சுத்தப் பகட்டு. அவ்வளவு நீள மூக்குக்குள் ஒரு சின்ன அறையும் உண்டு. நிமிர்ந்து நிற்கத்தான் முடியாது.