மழைக்கு மறுநாள் பிரேக் டிஸ்க்கில் தெரியும் துரு

டிசம்பர் மழை பிடித்துக்கொண்டால் என் கைப்பேசிக்கு ஒரே மாதிரிப் படங்கள் வரத் தொடங்கும். ரிம் இடுக்கு வழியாக எடுத்த படம். முந்தின நாள் வரை பளபளத்த பிரேக் டிஸ்க், இப்போது முழுக்கக் காவி நிறம். "அண்ணே, நேத்து ராத்திரி நல்லாத்தான் இருந்துச்சு. ஓட்டலாமா?"

ஓட்டலாம். தாராளமாக ஓட்டலாம்.

டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்புத் தட்டு. பிரேக்கை மிதித்தால் பேட் என்னும் கட்டைகள் இரு பக்கமும் அதைப் பிடித்து உரசி நிறுத்தும். பேட் உரசும் பரப்பில் எந்தப் பூச்சும் நிற்காது, நிற்கவும் கூடாது. ஆகவே அந்த இரும்பு காற்றுக்கும் ஈரத்துக்கும் திறந்தே கிடக்கிறது. சிங்கப்பூரில் விடிவதற்கு முன் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டிவிடும். மழையில்லாத பிற்பகலில்தான் 60 வாக்கில் இறங்கும். இரும்பு வேகமாகத் துருப்பிடிக்க அந்த 60 விழுக்காடே போதும். "பலமாடி கார் பார்க்கில்தானே நிறுத்தினேன், மழையே படலையே" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கழுவி ஈரத்தோடு நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே நிறம் மாறிவிடும்.

எவர்சில்வரில் செய்தால் என்ன என்றும் கேட்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் அப்படித்தான் வருகிறது. ஆனால் காரின் எடைக்குப் பிரேக்கில் பிறக்கும் சூடு மிக அதிகம். வார்ப்பிரும்பு அந்தச் சூட்டை வாங்கிச் சீக்கிரம் கடத்திவிடும், அதிர்வையும் சத்தத்தையும் உள்ளேயே அடக்கிக்கொள்ளும். எவர்சில்வர் சூட்டைக் கடத்துவதில் மட்டம். அதனால்தான் துருவைப் பொறுத்துக்கொண்டு நல்ல பிரேக்கை வாங்கிக்கொள்கிறோம்.

ஓர் இரவில் படியும் இந்தத் துரு தூள் மாதிரி மேலோட்டமானது. புளோக்கிலிருந்து கிளம்பி இரண்டு மூன்று சிக்னலில் நிற்பதற்குள் பேட் அதைச் சுரண்டி எடுத்துவிடும். முதல் ஓரிரு முறை 'கர்ர்' என்று கேட்கும், பிறகு கேட்காது. டிஸ்க்கின் நடுவிலுள்ள தொப்பிப் பகுதியும் வெளி விளிம்பும் மட்டும் எப்போதும் துருவோடுதான் இருக்கும். பேட் அங்கே தொடுவதே இல்லை, அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

இந்தக் காவி நிறத்தைக் காட்டிப் பயமுறுத்திப் பணம் பறிப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நாலு வயதுக் காரோடு ஓர் அக்கா வந்தார். வேறோர் ஒர்க்‌ஷாப்பில் நாலு டிஸ்க்கையும் பேடையும் மாற்றச் சொல்லி ஆயிரம் வெள்ளிக்கு மேல் கேட்டிருக்கிறார்கள். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டி வந்து காட்டினேன், டிஸ்க் கண்ணாடி போல இருந்தது. பிறகு மைக்ரோமீட்டரால் அளந்தோம். ஒவ்வொரு டிஸ்க்கிலும் குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று பொறித்திருக்கும். 28 மில்லிமீட்டரில் வந்த டிஸ்க் என்றால் பெரும்பாலும் 26 என்று போட்டிருக்கும். யாராவது மாற்றச் சொன்னால் அந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள், கண் முன்னால் அளக்கச் சொல்லுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இன்னொன்று. துரு நீக்கும் எண்ணெய் ஸ்ப்ரே எதையும் டிஸ்க்கில் அடிக்காதீர்கள். ஒரு தம்பி நல்லெண்ணத்தோடு அப்பாவின் காரில் அடித்துவிட்டான். கார் பார்க்கை விட்டு இறங்கும் சரிவிலேயே பிரேக் வழுக்கியிருக்கிறது. நல்ல வேளை, மெதுவாகத்தான் வந்தான். பேட் எண்ணெயைக் குடித்துவிட்டால் அதைத் திரும்ப எடுக்க வழியில்லை, தூக்கித்தான் போட வேண்டும்.

நான் அஞ்சுவது வேறு துருவுக்கு. ஓடாமல் நிற்கும் காரின் துரு. 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கொவிட் முடக்கமான சர்க்கிட் பிரேக்கர் காலத்தில் வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) கார் பார்க்குகளில் அசையாமல் நின்ற கார்கள் எங்களுக்கு நிறையக் கற்றுக்கொடுத்தன. இப்போது அதையே ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் பார்க்கிறேன். ஹேண்ட்பிரேக்கை இறுக்கிப் போட்டுவிட்டு ஐந்தாறு வாரம் ஊருக்குப் போய்விடுகிறோம். பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் ஈரம் தங்கி, இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. திரும்பி வந்து காரை எடுத்தால் 'டக்' என்று ஒரு சத்தம். சத்தத்தோடு விட்டுவிட்டால் பரவாயில்லை. நகராவிட்டால் ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பிடுங்காதீர்கள். பேடின் உரசும் பாகம் தகட்டிலிருந்து பிய்ந்து வந்ததைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

நீண்ட பயணம் போகும்போது, சமதளமாக இருந்தால் மட்டும், கியரை 'பி'யில் போட்டுச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்து ஹேண்ட்பிரேக்கை விட்டுவிடுங்கள். மின்னணு ஹேண்ட்பிரேக் பல கார்களில் தானாகவே பிடித்துக்கொள்ளும், அதை விடுவிக்கும் முறை கையேட்டில் இருக்கும். கிளம்புகிற அன்று காரைக் கழுவ வேண்டாம். வாரம் ஒருமுறை ஓட்டச் சொல்லி மச்சானிடம் சாவி கொடுப்பதானால், காப்புறுதி அவருக்கும் செல்லுமா என்று முதலில் பாருங்கள்.

மேல்துருவா, ஆழமாக அரித்த துருவா என்று பிரித்தறிய, பின்னால் வண்டி வராத சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20 வரை பத்துப் பதினைந்து முறை சீராகப் பிரேக் பிடியுங்கள். ஆறிய பிறகு பாருங்கள். பேட் வடிவத்தில் திட்டு நிற்கிறதா, நகம் வைத்து இழுத்தால் குழி தட்டுகிறதா, பெடல் காலுக்கடியில் துடிக்கிறதா? ஒன்று இருந்தாலும் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள். சக்கரத்தைக் கழற்றி உள்பக்கத்தையும், பேடை அழுத்தும் காலிப்பரின் பின்களையும் பார்க்கச் சொல்லுங்கள், வெளியே சுத்தமாகவும் உள்ளே அரித்தும் இருக்கும் டிஸ்க்கை அடிக்கடி பார்க்கிறேன். கட்டாய வாகனச் சோதனையை நம்பிக் காத்திருக்காதீர்கள். மூன்று வயது வரை அது கிடையாது, பத்து வயது வரை இரண்டாண்டுக்கு ஒருமுறைதான்.

மின்கார் வைத்திருப்பவர்களிடம் தனியாகச் சொல்கிறேன். உங்கள் கார் தினமும் ஓடினாலும் டிஸ்க் ஓய்விலேயே இருக்கலாம். வேகத்தைக் குறைக்கும் வேலையைப் பெரும்பாலும் மோட்டாரே செய்துவிடுகிறது, பேட் தொடாத டிஸ்க்கில் துரு சேர்ந்துகொண்டே போகிறது. ஃபோக்ஸ்வேகன் ஐடி.3யின் பின்சக்கரங்களுக்கு மூடிய டிரம் பிரேக்கையே வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். வாரம் ஒருமுறையாவது, குறிப்பாக மழைக்காலத்தில், மோட்டார் பிரேக்கை மிகக் குறைந்த அளவில் வைத்து, காலால் அழுத்தமாகச் சில தடவை நிறுத்துங்கள். பேட்டரி முழுதாக நிரம்பியிருக்கும்போது பல கார்களில் மோட்டார் பிரேக் தானாகவே குறையும். அதனால் சார்ஜ் ஏற்றிவிட்டு வீடு திரும்பும் வழி அதற்கு ஏற்ற நேரம்.