துப்பாக்கி சுடுவோர் எலெக்ட்ரானிக் இயர் மஃப் வாங்கும் முன் அறிய வேண்டியவை

துப்பாக்கி சுடும் பயிற்சியில் பல ஆண்டுகள் இருந்தவர்களின் ஆடியோகிராமில் (ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் காது எவ்வளவு கேட்கிறது எனக் காட்டும் வரைபடம்), தாழ்ந்த அதிர்வெண்களில் இயல்பாகச் செல்லும் கோடு 4000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளமாக இறங்கி, 8000 ஹெர்ட்ஸில் மீண்டும் சற்று மேலேறுவதை செவித்திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட்டாக அடிக்கடி பார்க்கிறேன். வலது தோளில் வைத்துச் சுடுபவர்களுக்கு இந்தப் பள்ளம் பெரும்பாலும் இடது காதில்தான் ஆழமாக இருக்கும். துப்பாக்கியின் பின்புறக் கட்டையில் கன்னத்தைப் பதிக்கும்போது வலது காது தலையின் மறைவுக்குப் போய்விட, இடது காது குழல்வாயை நோக்கித் திரும்பிவிடுகிறது. "காது நல்லாத்தான் கேட்குது, ராத்திரி படுத்தா மட்டும் ஙொய்னு ஒரு சத்தம்" என்று வருபவர்களுக்கு, அந்த இரைச்சலே பாதிப்பின் அறிகுறி என்பதை விளக்க வேண்டியிருக்கிறது.

.22 ரைஃபிளின் ஓசை சுடுபவரின் காதருகே ஏறக்குறைய 140 டெசிபல் உச்சத்தைத் தொடக்கூடியது. 12 போர் துப்பாக்கியும் 9 மி.மீ. கைத்துப்பாக்கியும் 150 டெசிபலைத் தாண்டுகின்றன. இத்தகைய திடீர் ஓசைக்குப் பெரியவர்களுக்கு 140, குழந்தைகளுக்கு 120 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் கூறும் உச்ச வரம்பு. நடுச்செவித் தசை சுருங்கி உட்செவியைக் காக்கும் அனிச்சைச் செயல் தொடங்குவதற்குள் வெடியோசை உள்ளே போய்விடுகிறது. அங்கே சிதையும், ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை.

இரு காதுகளையும் கிண்ணம் போல் மூடும் சாதாரண இயர் மஃபே போதாதா என்று பலர் கேட்கிறார்கள். காதை அடைப்பதற்கு அது போதும். ஆனால் அதை மாட்டியவருக்கு ரேஞ்ச் (சுடுதளம்) அலுவலரின் கட்டளையும் பயிற்சியாளரின் திருத்தமும் தெளிவாகக் கேட்பதில்லை; மாணவர் ஒரு பக்கக் கிண்ணத்தை இரண்டு விரலால் தூக்கிக் காதை நீட்டுகிறார், அந்த நொடியில் பக்கத்து லேனில் ஒருவர் சுடுகிறார். வேட்டை சட்டப்படி அனுமதிக்கப்பட்ட நாடுகளில், விலங்கின் காலடியைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே பலர் காதைத் திறந்து வைத்துக்கொண்டு சுடுகிறார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. நம் கவலை ரேஞ்சைப் பற்றியதே. கழற்றாமல் போட்டிருக்கச் செய்வதுதான் எலெக்ட்ரானிக் மஃபின் உண்மையான பயன் என்பது என் கருத்து.

அதன் வெளிப்புற மைக்குகள் பேச்சொலியை வாங்கிப் பெருக்கி உள்ளே தருகின்றன. சுமார் 82 முதல் 85 டெசிபலுக்கு மேல் போகாதபடி உட்புற ஸ்பீக்கரை மின்சுற்று கட்டுப்படுத்துகிறது. வெடியோசையைத் தடுப்பது இந்த மின்சுற்று அன்று, கிண்ணமும் அதன் மெத்தையும்தான். பேட்டரி தீர்ந்தாலும் அந்தத் தடுப்பு அப்படியே இருக்கும். எனவே எத்தனை மில்லிநொடியில் செயல்படுகிறது, புளூடூத் உண்டா என்பவற்றை விடுத்து, பெட்டியில் அச்சிட்டிருக்கும் என்ஆர்ஆர் எண்ணை, அதாவது எத்தனை டெசிபல் ஓசையைக் குறைக்கும் என்ற மதிப்பீட்டை, முதலில் பாருங்கள். ஹோவர்ட் லைட் இம்பாக்ட் ஸ்போர்ட் போன்ற மெலிந்த மாதிரிக்கு அது 22. பருத்த கிண்ணங்களுக்கு 30ஐ நெருங்கும். இந்த எண் ஆய்வகத்தில் தொடர் இரைச்சலைக் கொண்டு அளக்கப்படுவது என்பதால், அன்றாடப் பயன்பாட்டில் இயர் மஃபின் எண்ணில் கால் பங்கைக் கழித்துக்கொள்ள அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் அறிவுறுத்தியிருக்கிறது. ஓசை வரும் திசை தெரிய வேண்டுமானால் இரு கிண்ணங்களிலும் தனித்தனி மைக் இருப்பது அவசியம். இரைச்சல் நீக்கும் பாட்டு ஹெட்ஃபோன் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் துப்பாக்கிக்குப் பாதுகாப்பாகாது.

வாங்கும்போது உங்கள் பாதுகாப்புக் கண்ணாடியை அணிந்து, துப்பாக்கியைத் தோளில் வைக்கும் நிலையில் நின்று பாருங்கள். தடித்த கண்ணாடிக் காம்பு மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி உண்டாக்கும். கட்டையில் கன்னம் பதியும்போது பருத்த கிண்ணம் இடித்து விலகும். ரைஃபிள், டிராப் (பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் பிரிவு) சுடுபவர்களுக்கு மெலிந்த கிண்ணமும் அதன் உள்ளே நுரை இயர் பிளக்கும் சேர்ந்த ஏற்பாட்டையே நான் பரிந்துரைக்கிறேன். இரண்டின் எண்களும் கூட்டுத்தொகையாகச் சேர்வதில்லை, உயர்ந்த எண்ணோடு ஏறக்குறைய 5 டெசிபல்தான் கூடும். கூரையும் சுவரும் உள்ள ரேஞ்சில் அந்த ஐந்தும் தேவை. பிளக்கை மெல்லிய திரியாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, அது விரியும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். பிறகு மஃபின் ஒலியளவைச் சற்றுக் கூட்டினால் பயிற்சியாளரின் குரல் பிளக்கைத் தாண்டியும் கேட்கும்.

நம் ஊர் வியர்வையில் மெத்தைகள் சீக்கிரம் இறுகி, ஓரங்களில் நூலிழை போன்ற வெடிப்பு விடுகின்றன. தனி மெத்தை மாற்றிக்கொள்ளக் கிடைக்கும் மாதிரியையே வாங்குங்கள்.

போட்டிக்குச் செல்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. சர்வதேச துப்பாக்கி சுடுதல் சம்மேளனமான ஐஎஸ்எஸ்எஃப் விதிகள், ஒலியைப் பெருக்கும் அல்லது பெறும் கருவிகளை வீரர்களும் பயிற்சியாளர்களும் போட்டிக் களத்தில் அணிய இடம் தருவதில்லை. செவித்திறன் குறைந்த வீரர் முன்அனுமதி பெற வேண்டும். எலெக்ட்ரானிக் மஃப் பயிற்சிக்கு இருக்கட்டும், போட்டிக்குச் சாதாரண மஃபையும் பிளக்கையும் போட்டுச் சுட்டுப் பழகுங்கள்.

கிளப்பில் சேரும் முன்பே, குறைந்தது 14 மணி நேரம் பெருஞ்சத்தம் எதுவும் கேட்காத நிலையில் ஓர் ஆடியோகிராம் எடுத்து வைத்து, ஆண்டுதோறும் அதனோடு ஒப்பிடுங்கள். சுட்ட பிறகு காது அடைத்தாற்போல் இருப்பதோ இரைச்சலோ மறுநாளும் நீடித்தால், தானாகச் சரியாகும் என்று காத்திராமல் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.