அபின் வளர்த்த மலை அரசு

மியான்மரின் ஷான் மாநிலத்தில், சீன எல்லையை ஒட்டிய மலைகளில் 'வா' மக்களின் ஆட்சிப் பகுதி இருக்கிறது. தலைநகர் பாங்காம். சொந்தப் படை, சொந்த நீதிமன்றம், சொந்த வரி எல்லாம் உண்டு. கடைகளில் புழங்குவது சீன யுவான். எந்த நாடும் இதை அரசாக ஏற்கவில்லை. அவர்களும் தனிநாடு கேட்பதில்லை. சரி, 20,000-க்கும் மேற்பட்ட வீரர்களுக்குச் சோறு போடப் பணம் ஏது?

அங்கீகாரமில்லாத அரசுக்கு உலக வங்கிக் கடன் கிடைக்காது. அந்தச் சரிவுகளில் விளையும் நெல்லோ பல குடும்பங்களுக்கு ஆண்டு முழுக்கப் போதாது. சாலையில்லாத மலையிலிருந்து எதை விற்க முடியும்? எடை குறைவாக, விலை அதிகமாக, மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதைத்தான். அபின் அப்படிப்பட்ட சரக்கு.

நாம் குருமாவுக்கு அரைக்கிற கசகசா இதே செடியின் விதைதான். அதில் போதை இல்லை. பச்சைக் காயை மாலையில் கீறிவிட்டால் பால் வடியும். மறுநாள் காலை அது பழுப்புப் பிசினாக இறுகியிருக்கும். சுரண்டி எடுத்தால் அபின். ஏறக்குறைய 10 கிலோ அபினைக் காய்ச்சினால் 1 கிலோ ஹெராயின். கோவேறு கழுதை முதுகில் ஏற்றுவதற்கு அதுவே வசதி.

அதுவரை பர்மா கம்யூனிஸ்ட் கட்சியின் படையில் இருந்த வா வீரர்கள், 1989-ல் அந்தக் கட்சித் தலைமையை விரட்டிவிட்டு, ராணுவ அரசோடு சண்டை நிறுத்தம் செய்துகொண்டார்கள். ஆயுதமும் நிலமும் அவர்கள் கையிலேயே இருந்தன. கட்சிக்கு வந்துகொண்டிருந்த சீன உதவி மட்டும் முன்பே வற்றிப்போயிருந்தது. அந்த இடத்தை அபின் பணம் நிரப்பியது. வியாபாரி வரி கட்டுவான், வரி படையை வளர்க்கும், படை காவல் காக்கும் பாதையை நம்பி இன்னும் வியாபாரிகள் வருவார்கள்.

அப்புறம் யாபா வந்தது: மெத்தாம்பெட்டமைன் என்ற செயற்கைப் போதைப்பொருளும் காஃபீனும் கலந்த மாத்திரை. இதற்கு வயல் வேண்டாம், மழை வேண்டாம். எல்லை தாண்டி வரும் ரசாயனமும் ஒரு கொட்டகையும் போதும். பூத்த வயலைச் செயற்கைக்கோள் காட்டிக்கொடுக்கும். கொட்டகைக்குள் நடப்பதைக் காட்டாது. 2003-ல் அமெரிக்கா இந்தப் படையைப் போதைக் கடத்தல் அமைப்பென்று அறிவித்தது. வா தலைமை அதை மறுக்கிறது.

2005-ல் வா தலைமையே அபினுக்குத் தடை போட்டது. படைக்குச் சுரங்கம் போன்ற வேறு வருமானங்கள் இருந்தன. விவசாயிக்கு இருந்த ஒரே காசுப் பயிர் போனது. அதை நினைத்தால்தான் எனக்கு மனம் ஆறவில்லை. பதிலுக்கு நட்ட ரப்பரில் பால் வர ஏழு ஆண்டுகளாகும். அதுவரை அந்தக் குடும்பங்களில் பலவும் உலக உணவுத் திட்டம் தந்த அரிசியை எதிர்பார்த்திருந்தன.